மூடாத துவாரம்

கோயம்புத்தூரிலிருந்து தெய்வானை பேசினாள்:
"அண்ணனும் தம்பியும் ஒரே படத்தில் வேணும்.
எப்படின்னு கேக்க மாட்டேன்.
ரெண்டு பேரும் பேசி ஒன்பது வருஷம்."

நேமத்தான்பட்டியில் இறங்கியபோது
ஸ்டாண்டும் கறுப்புச் சட்டையும்
நாற்பது ரூபாய் டார்ச்சும் என்னிடம் இருந்தன.

அந்த வீட்டுச் சாவி
பகலில் பெரியவரிடம், இரவில் சின்னவரிடம்.
வக்கீல் எழுதிய ஏற்பாடு.
ஏழு மணிக்குக் கைமாறும்,
அதுவும் எதிர்ப் பெட்டிக்கடை வழியாக.
எனவே ஏழு மணி.

இரண்டாங்கட்டின் ஜன்னல்களைச் சாத்தி
கதவிடுக்கில் துண்டைச் சுருட்டிச் செருகினேன்.
தெருவிளக்கு எலியைப் போல,
விரல் நுழையும் சந்து கிடைத்தால் போதும்.

முட்டை வெள்ளை பூசித் தேய்த்த சுவர்
முதல் சோதனையிலேயே என்னைக் காட்டிக்கொடுத்தது.
யாருமில்லாத பெஞ்சின் பின்னால்
டார்ச்சோடு என் மூக்கு.
சுவருக்குக் கம்பளி மாட்டினேன்.
காலண்டர் அட்டையைக் குழலாகச் சுருட்டி
வாயில் மஞ்சள் மிட்டாய்த்தாள் ஒட்டினேன்.
விளக்கு இப்போது ஒரு ரூபாய்க் காசளவு.

வயிரவன் இடப்பக்கம் உட்கார்ந்தார்.
"கண் சிமிட்டலாமா?"
"சிமிட்டுங்க. நான் தொடாதது எதுவும்
நடக்கலைன்னுதான் கேமரா நினைச்சுக்கும்."
"நல்ல கேமரா," என்றார்.

திறந்தேன்.

திருநீற்றில் வேகமாக,
நின்றால் வெந்துவிடும் வெள்ளை.
கன்னக் குழியில் மெதுவாக.
காதுக்குப் பின்னிருந்து ஒரே இழுப்பு,
முடியோரம் மட்டும் பற்றிக்கொள்ள.
ஒரு கண் போதும், மற்றது இருட்டிலேயே இருக்கட்டும்.
தாடையில் கை தானாக நின்றது.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.
மூன்று எண்ணும்வரை அங்கேயே வைத்திருந்தேன்,
கூலிக்கு மேல் ஒரு விநாடி.

டார்ச்சை அணைத்தேன். துவாரத்தை மூடவில்லை.
"எழுந்துக்கங்க. இப்ப அவர் வருவார்."

பன்னிரண்டு விநாடி இருட்டு.
அதற்குச் சாட்சி கிடையாது.
கல்தரையில் இரண்டு நடை,
ஒன்று இழுத்து, ஒன்று அவசரமாக.
நடுவில் ஒரு குரல்:
"படி இருக்கு, பாத்து."

யார் சொன்னது?
இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை.
பதிலுக்கு ஒரு "ம்" கேட்டது.
அது வேறு ஆளா, அதே ஆளா,
அதுவும் தெரியவில்லை.

சாத்தப்பனுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன்.
இருட்டில் யாருக்குத் தெரியும் கோடு!
அண்ணன் விட்டுப்போன சூட்டில் பாதியும்
வெறும் மரத்தில் பாதியுமாக உட்கார்ந்துவிட்டார்.
நான் அறியாமல் வரைந்துகொண்டே போனேன்:
நெற்றி, மூக்கின் தண்டு, மோதிர விரல்.
அவருக்கும் தாடையில் அதே இறுக்கம்.
அங்கேயும் மூன்று.

மூடினேன்.
திரையில் மெல்ல வந்தது.
கறுப்புக்குள் இரண்டு அரைமுகம்,
ஒன்று தெற்கு பார்த்து, ஒன்று வடக்கு.
நடுவில் ஒரே தோள்.
அண்ணன் சட்டையின் கோடுகள் வழியே
தம்பியின் கை தெரிகிறது,
கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் வைத்த மாதிரி.
இடையில் இருபது தடவை நடந்த நான்
எங்கேயும் இல்லை.

தப்பான படம்.
மறுபடி எடுக்கலாம் என்று வாய்வரை வந்தது.
வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்.
சாவி இனி இவருடையது.

பெரியவர் அன்றிரவே போன் செய்தார்:
"அவன் ஒழுங்கா உக்காந்தானா?"
காலையில் பஸ் நிறுத்தம் வந்து சின்னவர்,
எங்கோ பார்த்தபடி:
"அவரு அசைஞ்சிருப்பாரே?"

"கொஞ்சம்," என்றேன் இருவரிடமும்.
தெய்வானைக்கு அதை அப்படியே அனுப்பினேன்.
இன்னும் பதில் இல்லை.
பார்த்துவிட்டாள் என்பதற்கு
இரண்டு நீலக் கோடு மட்டும்.